கேளுங்க டாக்டர்: "செடிதானே, இதுக்கெல்லாம் அடிமை ஆவாங்களா?"

கேள்வி: டாக்டர், எனக்கு 24 வயசு, ஐ.டி. வேலை. காலேஜ்ல ஃபிரெண்ட்ஸோட ஆரம்பிச்சது, இப்ப தினமும் ராத்திரி கஞ்சா அடிச்சாத்தான் தூக்கம் வருது. என் ரூம்மேட் சரக்கு பார்ட்டி, காலையில எந்திரிச்சா அவனுக்கு கை நடுங்கும். எனக்கு அப்படி எதுவும் கிடையாது, ஆபீஸுக்கு கரெக்டா போறேன். ஊருக்குப் போனா மட்டும் ரெண்டு மூணு நாள் தூங்க முடியாது, சோறு இறங்காது, அம்மாகிட்ட எரிஞ்சு விழுவேன். நான் அடிக்டா?
- பெயர் வேண்டாம், கோவை

பதில்: தம்பி, ஊருக்குப் போனா என்ன ஆகுதுன்னு போறபோக்குல எழுதியிருக்கீங்க பாருங்க, உங்க கேள்விக்கு பதிலே அதுலதான் இருக்கு. அது வித்ட்ராயல், அதாவது பழகின போதை கிடைக்காதப்ப உடம்பும் மனசும் படுற பாடு. விட்ட ஒண்ணு ரெண்டு நாள்ல ஆரம்பிக்கும், முதல் வாரத்துல உச்சத்துக்குப் போகும், ரெண்டு வாரத்துல பெரும்பாலும் அடங்கிடும், தூக்கக் கோளாறும் கன்னாபின்னான்னு வர்ற கனவும் மட்டும் இன்னும் கொஞ்ச நாள் இழுக்கும். அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கமே 2013ல வந்த டி.எஸ்.எம்-5ங்கிற மனநோய்க் கையேட்டுலதான் இதை நோய்ப் பட்டியல்ல சேர்த்தாங்க, அதான் இன்னும் நிறைய பேருக்கு இப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியல.

அதே புத்தகத்துல அடிமைத்தனத்துக்குன்னு மொத்தம் 11 அறிகுறி இருக்கு, ஒரு வருஷத்துக்குள்ள 2 இருந்தாலே பிரச்சனைன்னு அர்த்தம், 6 அல்லது அதுக்கு மேல இருந்தா தீவிரம். முன்னாடி ஒண்ணு போதும், இப்ப மூணு வேணுமா? இன்னிக்கு வேண்டாம்னு முடிவு பண்ணிட்டு ராத்திரி கை தானா தேடுதா? பொருள் கிடைக்காதுன்னு டூர், கல்யாணம்னு தவிர்க்கிறீங்களா? நீங்களே எண்ணிப் பாருங்க, எனக்கு சொல்ல வேண்டாம்.

மத்த போதையோட ஒப்பிட்டா, 1994ல வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வுல, ஒரு தடவையாவது தொட்டவங்கள்ல அடிமையானவங்க புகையிலையில 32 சதவீதம், ஹெராயின்ல 23, கொக்கைன்ல 17, மதுவுல 15, கஞ்சாவுல 9. இந்த 9ஐ தூக்கிப் பிடிச்சுட்டுதான் உங்க ஃபிரெண்ட்ஸ் பேசுவாங்க. ஆனா அதுல காலேஜ் டூர்ல ஒரே ஒரு இழுப்பு இழுத்துட்டு இருமிட்டு வந்தவனும் சேர்த்தி. டீன் ஏஜ்ல ஆரம்பிச்சவங்கள்ல கிட்டத்தட்ட ஆறுல ஒருத்தர் மாட்டுறாங்க, தினமும் அடிக்கிறவங்களுக்கு இன்னும் அதிகம், நீங்க அந்தக் கணக்குல வர்றீங்க.

உங்க ரூம்மேட் விஷயம் வேற. கை நடுங்குற அளவுக்கு குடிக்கிறவர் திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரலாம், ஆள் அடையாளம் தெரியாம உளறலாம், உயிரே போகலாம், அவரை ஆஸ்பத்திரியில வெச்சுதான் நிறுத்தணும். நீங்க நாளைக்கே நிறுத்தினா அந்த மாதிரி ஆபத்து இல்ல. உயிர் போகாதுங்கிற அந்த தைரியத்துலதான் அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு வருஷக்கணக்கா ஓட்டுறாங்க. இன்னொண்ணு, சிகரெட் தூள்ல கலந்து அடிக்கிறீங்கன்னா நிகோடினும் சேர்ந்து பிடிச்சிருக்கும், ரெண்டையும் சேர்த்து விடப் பாருங்க.

கேள்வி: பையனை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா போலீஸ் கேஸ் ஆயிடுமா? ஒரு கிலோ வரைக்கும் வெச்சிருக்கலாம்னு அவன் சொல்றான்.
- ஒரு அம்மா, திருச்சி

பதில்: அம்மா, ட்ரீட்மெண்டுக்கு வர்றவங்களை நாங்க போலீஸ்ல புடிச்சுக் குடுக்கிறதில்ல. 1985ல வந்த போதைப்பொருள் சட்டத்துலயே 64ஏ-ன்னு ஒரு பிரிவு, தானா முன்வந்து அரசு அங்கீகாரம் உள்ள இடத்துல சிகிச்சையை முடிக்கிற அடிமைகளுக்கு வழக்குல இருந்து பாதுகாப்பு தருது. அந்த ஒரு கிலோ கதையை நம்பாதீங்க. சட்டத்துல ஒரு கிலோன்னா 'சிறிய அளவு', அவ்வளவுதான், அதுக்கும் ஒரு வருஷம் வரை ஜெயில் உண்டு. 14446, போதையில இருந்து மீள உதவுற அரசோட இலவச நம்பர், முதல்ல நீங்க மட்டும் பேசுங்க, பையன் அப்புறம் வரட்டும்.

கேள்வி: சாப்பாட்டுல கலந்து குடுத்தா கஞ்சாவை மறக்கடிக்கிற பவுடர் விளம்பரம் பார்த்தேன். வாங்கலாமா?
- வாசகி, மதுரை

பதில்: வாங்காதீங்க. கஞ்சா அடிமைத்தனத்துக்குன்னு அங்கீகரிக்கப்பட்ட மருந்து இன்னும் ஒண்ணுமே கிடையாது, கவுன்சலிங்தான் பிரதான சிகிச்சை, தூக்கத்துக்கு டாக்டர் வேணும்னா கொஞ்ச நாள் மாத்திரை குடுப்பார். அந்தப் பவுடர்ல குடியை நிறுத்துற டைசல்ஃபிராம் கலந்திருந்து, தெரியாம அவர் சரக்கும் அடிச்சுட்டார்னா நேரா எமர்ஜென்சி வார்டுதான்.