ட்ரோபோனின் கால்சியத்தைப் பிடிக்கும் புரதம்தானே? ரிப்போர்ட்டில் அது அதிகமாக வந்தால் கால்சியம் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

வீட்டில் யாருடைய ரிப்போர்ட்டையோ கையில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் முதலில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள், மாத்திரைக் கதை அப்புறம். நான் டாக்டர் இல்லை, 18 வருஷமாக லேப் டெக்னீஷியன். "நீ யார் சொல்ல?" என்று கமென்ட்டில் வரப்போகிறவர்களுக்காக இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ட்ரோபோனின் என்பது சி, ஐ, டி என்று மூன்று புரதங்கள் சேர்ந்த கூட்டு. 1960களில் ஜப்பான் விஞ்ஞானி எபாஷி கண்டுபிடித்தது. கால்சியத்தைப் பிடிப்பது சி மட்டும்தான். அது பிடித்ததும் ஐ தன் தடையைத் தளர்த்தும், தசை சுருங்கும். ஆனால் ரத்தத்தில் நாங்கள் சியைத் தேடுவதே இல்லை. இதயத்தில் இருக்கும் அதே சி கை கால் தசைகள் சிலவற்றிலும் இருக்கிறது, எங்கிருந்து வந்ததென்று தெரியாது. அதனால் ஐ அல்லது டியைத்தான் பார்ப்போம். அது கூடினால் இதயத் தசை அடிபட்டிருக்கிறது என்று அர்த்தம். கிட்னி நோயாளிகளுக்கும் கூடும். கால்சியம் மாத்திரைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கார்டு டெஸ்ட்டில் சி, டி என்று அச்சடித்திருப்பதைப் பார்த்துக் குழம்பிவிடாதீர்கள். அங்கே சி என்றால் கன்ட்ரோல், கார்டு வேலை செய்கிறது என்று காட்டும் கோடு. டி என்றால் டெஸ்ட், ட்ரோபோனின் இருந்தால் வரும் கோடு.

ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு பெரியவர் வந்தார். வலி ஆரம்பித்து ஒரு மணி நேரம்தான். தோள் துண்டு வியர்வையில் நனைந்திருந்தது, "கேஸ்தான் தம்பி, சோடா குடிச்சேன்" என்றார். கார்டில் ஒரே கோடு, நெகட்டிவ். மூன்று மணி நேரம் கழித்து மறுபடி பார்க்கச் சொன்னார் டாக்டர். அடிபட்ட தசையிலிருந்து ட்ரோபோனின் கசிந்து ரத்தத்தில் தெரிய நேரம் பிடிக்கும். ஊசியோடு போனால் மகன் தட்டைத் தள்ளிவிட்டார். "ஒரு தடவை பாத்தாச்சே, பில் ஏத்தவா?" பெரியவர்தான் தானாகக் கையை நீட்டினார். அடுத்த கார்டில் டிக்கு நேரே மெல்லிசாக ஒரு கோடு ஏறியது.

பிழைத்துவிட்டார். டிஸ்சார்ஜ் அன்று ஸ்வீட் பாக்ஸ் ஐசியூ வரைக்கும் போனது, லேபுக்கு வரவில்லை. எனக்கு சுகர், அதனால் அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த மகன் நர்ஸிடம் என்னைக் காட்டி, "அந்த ரத்தம் எடுக்கிற பையன்" என்றார். எனக்கு அப்போதே நாற்பது வயது.