வெள்ளவத்தைப் பழைய வீட்டுக்கு எந்தக் காஸ் கீஸர்?

பழுதான காஸ் கீஸருக்குப் பதிலாக, சின்னப் பழைய வீட்டுக்கு எது வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நிமிடத்துக்கு 6 லீற்றர் சுடுதண்ணீர் தரும் மொடல் போதும். கொழும்புக் குழாய்த் தண்ணீர் ஏற்கெனவே 27 பாகை அளவில்தான் வருகிறது. குளிக்க 40 போதுமே. 10 லீற்றர் விற்கப் பார்ப்பார்கள், அசையாதீர்கள்.

முதலில் தண்ணீர் அழுத்தத்தைப் பாருங்கள். கூரைத் தாங்கி ஷவருக்கு 10 அடி மேலே இருந்தால் கிடைப்பது சுமார் 0.3 பார் அழுத்தம்தான். அழுத்தம் போதாமல் எங்கள் வீட்டில் 'டிக் டிக்' என்று பொறி மட்டும் பறக்கும், பற்றாது. குறைந்த அழுத்தத்தில் இயங்கும் மொடலாகக் கேளுங்கள்.

குளியலறைக்குள் மட்டும் மாட்டவே வேண்டாம். காஸ் எரியும்போது வரக்கூடிய நச்சு வாயுவான கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. வெளிச்சுவரில், மழை படாத இடம்தான் சரி.

மின்சாரக் கீஸரா? 3.5 கிலோவாற் என்றால் 15 அம்பியர். 13 அம்பியர் பிளக் தாங்காது; தனி லைன் இழுக்க வேண்டும்.