அமெரிக்காவில் லாபியிஸ்டுகளின் பணம் வேட்பாளர்களை உண்மையிலேயே மாற்றுகிறதா?

கேள்வியில் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. நன்கொடைக்குச் சட்டமே உச்சவரம்பு வைத்திருக்கும் நாட்டில் சட்டமியற்றுபவர்களைத் தம் வாடிக்கையாளர்களுக்குச் சாதகமாகத் திருப்புவதையே தொழிலாகக் கொண்ட லாபியிஸ்டுகளின் பணம் எப்படி இவ்வளவு செல்வாக்குப் பெறுகிறது என்பது ஒன்று. பணம் வாங்கியதால்தான் ஓர் அரசியல்வாதி அப்படி வாக்களித்தார் என்று நிரூபிக்க முடியுமா என்பது மற்றொன்று. ஒஹாயோ மாநிலத்தில் வாழ்ந்து வாக்களித்து வருபவன் என்ற முறையில், நான் கவனித்தவற்றையும் பொதுவெளியில் பதிவாகியிருப்பவற்றையும் வைத்துப் பதில் சொல்கிறேன். வேட்பாளரின் கையில் கொடுக்கப்படும் பணத்தைவிட, அவருக்கு எதிராக நாளை இறக்கப்படக்கூடிய பணத்துக்கே வலிமை அதிகம் என்பதுதான் என் முடிவு.

முதலில் சட்டம். 2024 தேர்தலில் ஒரு தனிநபர் ஒரு வேட்பாளருக்கு உட்கட்சித் தேர்தலுக்கு 3,300 டாலரும் பொதுத் தேர்தலுக்கு 3,300 டாலரும் மட்டுமே கொடுக்கலாம். நிறுவனங்களும் சங்கங்களும் நடத்தும் வழக்கமான அரசியல் நிதிக்குழு இந்த இரு தேர்தல்கள் ஒவ்வொன்றுக்கும் 5,000 டாலர் வரை தரலாம். கோடிகளில் செலவாகும் ஒரு செனட் தேர்தலில் இவை பெரிய தொகைகள் அல்ல. ஆனால் உச்ச நீதிமன்றம் 1976-இல் பக்லி வழக்கில் நன்கொடையையும் செலவையும் தனித்தனியாகப் பிரித்து, நன்கொடைக்கு வரம்பு வைக்கலாம், செலவுக்கு வைக்கக்கூடாது என்று தீர்ப்பளித்தது. 2010 ஜனவரியில் வந்த சிட்டிசன்ஸ் யுனைடெட் தீர்ப்பு, ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில், நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் வேட்பாளரைச் சாராமல் தனியாகச் செய்யும் தேர்தல் செலவுக்கு எந்த வரம்பும் கூடாது என்றது. வேட்பாளருடன் கலந்து பேசாமல் செய்யப்படும் செலவு ஊழலுக்கோ ஊழல் என்ற தோற்றத்துக்கோ வழிவகுக்காது என்பது நீதிபதி கென்னடி எழுதிய அந்தத் தீர்ப்பின் அடிப்படை. அதே ஆண்டு மார்ச்சில் கீழமை மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று இதைப் பின்பற்றி அளித்த இன்னொரு தீர்ப்பிலிருந்துதான், எவ்வளவு வேண்டுமானாலும் திரட்டி எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிக்கும் ‘சூப்பர் பேக்’ என்ற நிதிக்குழுக்கள் பிறந்தன.

அந்த அடிப்படை நடைமுறையில் எப்படிப் பொய்த்துப்போகிறது என்பதை 2024-இல் எங்கள் மாநிலத்திலேயே கண்டோம். மூன்று முறை செனட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட, ஜனநாயகக் கட்சியின் ஷெரட் பிரவுன் அப்போது செனட்டின் வங்கித்துறைக் குழுவின் தலைவராக இருந்தார். கிரிப்டோ நாணயத் தொழிலுக்குக் கண்டிப்பான ஒழுங்குமுறை தேவை என்று வெளிப்படையாகப் பேசிவந்தார். கிரிப்டோ தொழிலில் ஈடுபட்ட காயின்பேஸ், ரிப்பிள், ஆண்ட்ரீசன் ஹாரோவிட்ஸ் ஆகிய நிறுவனங்களின் பணத்தில் இயங்கிய ‘ஃபேர்ஷேக்’ என்ற சூப்பர் பேக்கின் கிளை அமைப்பு, அவரை எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சியின் பெர்னி மொரேனோவுக்காகச் சுமார் 4 கோடி டாலரை இந்த ஒரே தேர்தலில் இறக்கியது. அந்த இலையுதிர்காலத்தில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் செய்தி பார்க்க உட்கார்ந்தாலே இடைவேளைதோறும் செனட் தேர்தல் விளம்பரங்கள்தாம் ஓடின. ஃபேர்ஷேக் தரப்பின் விளம்பரங்களில் கிரிப்டோ என்ற சொல்லைத் தேடினாலும் கிடைக்காது. மொரேனோ நல்ல உழைப்பாளி, வேலைவாய்ப்புக் கொடுத்தவர் என்ற வகையில் அவை பேசின. இறுதியில் சில விநாடிகள், திரையின் அடியில் சிறிய எழுத்தில், ‘டிஃபெண்ட் அமெரிக்கன் ஜாப்ஸ்’ என்ற அந்தக் கிளை அமைப்பு இதற்குப் பணம் செலுத்தியது, எந்த வேட்பாளரும் இதற்கு ஒப்புதல் தரவில்லை என்ற வரி வந்து மறையும். அமெரிக்க வேலைகளைக் காப்போம் என்ற அந்தப் பெயரைப் படிக்கும் ஒரு தொழிலாளி, அதன் பின்னால் இருப்பது கிரிப்டோ நிறுவனங்கள் என்பதைத் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் போய்த் தேடினால் ஒழிய அறிய வழியில்லை. இதைத்தான் நான் பெரிய கேடாகக் கருதுகிறேன். ஒரு துறை தன் கோரிக்கையை மக்கள் முன் வைத்து வாதாடி வென்றால் அதில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. கோரிக்கையை மறைத்துவிட்டு, அதற்குத் தடையாக இருக்கும் ஆளை மட்டும் அகற்றுவது வேறு விஷயம்.

பிரவுன் தோற்றார். அந்தப் பணத்தால் மட்டுமே தோற்றார் என்று சொல்வது நியாயமாகாது. டிரம்ப் இங்கே 11 புள்ளிகள் வித்தியாசத்தில் வென்ற ஆண்டு அது, பிரவுன் நான்கு புள்ளிகளுக்கும் குறைவாகவே பின்தங்கினார். ஆனால் அதே குழு அதே ஆண்டு மார்ச்சில் கலிஃபோர்னியாவில் எல்லாக் கட்சியினரும் சேர்ந்து போட்டியிடும் முதல்கட்ட செனட் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் கேட்டி போர்ட்டருக்கு எதிராகச் சுமார் 1 கோடி டாலர் செலவழித்திருந்தது. அவரும் பொதுத் தேர்தலுக்குத் தகுதிபெறும் முதல் இரண்டு இடங்களுக்குள் வரவில்லை. அரிசோனாவின் ரூபன் கயேகோவுக்கும் மிச்சிகனின் எலிசா ஸ்லாட்கினுக்கும், இருவரும் ஜனநாயகக் கட்சியினர், ஆளுக்குச் சுமார் 1 கோடி டாலர் ஆதரவாகச் செலவானது. இருவரும் வென்றனர். கட்சி இங்கே பொருட்டே அல்ல என்பதைக் கவனியுங்கள்.

2025-இல் ‘ஸ்டேபிள்காயின்’ எனப்படும் டாலர் மதிப்போடு பிணைக்கப்பட்ட கிரிப்டோ நாணயங்களுக்கான ‘ஜீனியஸ்’ சட்டம் செனட்டில் 68-க்கு 30 என்ற கணக்கில் நிறைவேறி, ஜூலை 18 அன்று அதிபரின் கையெழுத்தைப் பெற்றது. கயேகோ, ஸ்லாட்கின் உட்பட ஜனநாயகக் கட்சியினர் பலர் ஆதரித்து வாக்களித்தனர். அவர்கள் மனச்சாட்சிப்படியே வாக்களித்திருக்கலாம். ஏதாவது ஒரு சட்டம் இருப்பது சட்டமே இல்லாததைவிட மேல் என்று கருதுவதற்கும் காரணங்கள் உண்டு. ஆகவே உங்கள் இரண்டாவது ஐயத்துக்கு நேர்மையான விடை, ஒரு குறிப்பிட்ட வாக்கைப் பணத்துடன் முடிச்சுப் போட்டு நிரூபிக்க அநேகமாக முடியாது என்பதே. எனினும், வங்கிக் குழுவின் தலைவருக்கு நேர்ந்ததைக் கண்ணால் கண்ட ஓர் உறுப்பினர், அந்தத் துறைக்கு எதிராகக் கையுயர்த்துமுன் ஒரு முறைக்கு இரு முறை யோசிக்காமல் இருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை. ஒருவரை அடித்து ஊரையே அடக்கும் இந்த முறையில், செனட்டின் மற்ற 99 பேருக்கு எதிராக ஒரு டாலர்கூடச் செலவழிக்க வேண்டியதில்லை. செலவழிக்கப்படாத அந்தப் பணம் எந்தக் கணக்கிலும் பதிவாவதும் இல்லை.

சிறிய நன்கொடைகளும் வேறு விதத்தில் வேலை செய்கின்றன. அவை வாக்கை வாங்குவதில்லை, நேரத்தை வாங்குகின்றன. ஜனநாயகக் கட்சியின் பிரதிநிதிகள் சபைத் தேர்தல் குழு தன் புதிய உறுப்பினர்களுக்குக் காட்டிய மாதிரி நாள்நிரல் ஒன்று 2013-இல் வெளியானது. அதில் தொகுதி மக்களைச் சந்திக்க ஒன்று முதல் இரண்டு மணி நேரமும், பணம் கேட்டுத் தொலைபேசியில் பேச நான்கு மணி நேரமும் ஒதுக்கப்பட்டிருந்தன. அரசு அலுவலகத்திலிருந்து நன்கொடை கேட்பது சட்டவிரோதம் என்பதால், உறுப்பினர்கள் நாடாளுமன்றக் கட்டடத்தை விட்டு அருகிலுள்ள கட்சி அலுவலகத்துக்கு நடந்து சென்று, அங்கே ஒரு சிறிய தடுப்பறையில் அமர்ந்து பட்டியலைப் பார்த்து எண்களை அழுத்துகிறார்கள். தன்னைத் தேர்ந்தெடுத்தவர்களுக்காக உழைக்க வேண்டிய ஒருவரின் நாள் இப்படிக் கரைவது எனக்கு வேதனையாக இருக்கிறது. இந்த இடத்தில்தான் லாபியிஸ்ட் பயன்படுகிறார். அவர் ஒரு காலை விருந்து ஏற்பாடு செய்து, தன் வாடிக்கையாளர்களைக் கூட்டிவந்து, பலரின் காசோலைகளை ஒன்றாகச் சேர்த்துக் கொடுத்தால், உறுப்பினருக்குப் பல நாள் தொலைபேசி வேலை மிச்சமாகிறது. அந்த நன்றி எங்கே வெளிப்படும் என்பதை, தென் கரோலினாவின் முன்னாள் உறுப்பினர் மிக் மல்வேனி 2018-இல் வங்கியாளர் மாநாடு ஒன்றில் ஒளிவுமறைவின்றிச் சொன்னார்: தொகுதியிலிருந்து வந்தவர்களை அவர் எப்போதும் சந்தித்தாராம், ஆனால் பணம் தராத லாபியிஸ்டுடன் பேசுவதில்லை, பணம் தந்தவருடன் பேசக்கூடும் என்பது அவர் அலுவலகத்தின் வழக்கமாக இருந்ததாம்.

இது ஒருவரின் பழக்கம் மட்டுமன்று. ஜோஷுவா கல்லா, டேவிட் புரூக்மன் என்ற இரு ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், 191 உறுப்பினர் அலுவலகங்களிடம் சந்திப்பு கேட்கப்பட்டது. வருபவர்கள் நன்கொடையாளர்கள் என்று சொல்லப்பட்ட இடங்களில், வெறும் தொகுதிவாசிகள் என்று சொல்லப்பட்ட இடங்களைவிட, உறுப்பினரோ மூத்த அலுவலரோ நேரில் வருவது மூன்று முதல் நான்கு மடங்கு அதிகமாக இருந்தது.

மாற்றுவழி உண்டா என்றால், எனக்கு நம்பிக்கை தரும் இடம் சியாட்டில். அங்கே 2017 முதல், விண்ணப்பித்துத் தகுதிபெறும் நகர்மன்ற வேட்பாளர்களுக்குக் கொடுப்பதற்கென்று, ஒவ்வொரு வாக்காளருக்கும் தலா 25 டாலர் மதிப்புள்ள நான்கு சீட்டுகளை நகராட்சியே வழங்குகிறது. வாடகை வீட்டில் இருப்பவரின் 100 டாலருக்காகவும் வேட்பாளர் கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது. வெளியார் செலவை இத்திட்டம் தடுக்கவில்லை. 2019 நகர்மன்றத் தேர்தலில் அமேசான் நிறுவனம் வணிகர் சங்கத்தின் நிதிக்குழுவுக்கு 10 லட்சம் டாலருக்கும் மேல் கொடுத்தது. அந்தக் குழு ஆதரித்த வேட்பாளர்களில் பெரும்பாலோர் தோற்றார்கள். யார் பணம், எதற்காக என்பது வாக்களிக்கும் முன்பே நகரம் முழுவதும் தெரிந்திருந்தது.