பழைய மார்ட்டினி .22: குழல் தேய்ந்துவிட்டதா?

வணக்கம் அண்ணே. அப்பாவின் பி.எஸ்.ஏ. மார்ட்டினியை (பழைய பிரிட்டிஷ் .22 துப்பாக்கி) பினாங்கில் 50 மீட்டரில் சுட்டால் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறுகிறது, குழல் போய்விட்டதா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்பட்டுக் குழல்மேல் பழி போடாதீர்கள். நீங்கள் போட்டதோ அதிவேகத் தோட்டா! ஒலியைவிட வேகமாகக் கிளம்பும் குண்டு, வழியில் அந்த வேகத்துக்குக் கீழே இறங்கும்போது ஆட்டம் காணும். நம்மூர் வெக்கையில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 350 மீட்டர்; இந்தத் துப்பாக்கிக்கு அதற்குக் கீழே, 330 அளவில் போகும் ஸ்டாண்டர்ட் வகைதான் ஒத்துவரும்.

முதலில் துப்பாக்கி காலியா என்று பார்த்துவிட்டு, காது குடையும் பஞ்சுக்குச்சியால் குழல்வாயின் உள்விளிம்பைச் சுற்றித் தடவுங்கள். இழை ஒரே இடத்தில் சிக்கினால் அங்கே பிசிறு இருக்கிறது. மார்ட்டினியைப் பலர் வாய்ப்பக்கமாகவே கம்பி விட்டுத் துடைப்பதால் தேய்மானம் அங்கேதான் வரும். குறி பார்க்கும் பின்குறி தளர்ந்திருக்கிறதா என்றும் அசைத்துப் பாருங்கள்.

பிறகு மூன்று நான்கு வகைத் தோட்டா வாங்கி, மணல்மூட்டைமேல் வைத்துச் சுடுங்கள். வகை மாற்றும்போது முதல் பத்துக் குண்டு கணக்கில் இல்லை. பழைய மெழுகு போய்ப் புதியது குழலில் படிய வேண்டும். அப்புறம் தாளுக்கு ஐந்து குண்டாக ஐந்து தாள். தூரமான இரு துளைகளின் வெளி ஓரங்களை அளந்து, குண்டின் விட்டமான 5.6 மி.மீ. கழித்து, ஐந்துக்கும் சராசரி எடுங்கள். நல்ல தாளை மட்டும் ஃபேஸ்புக்கில் போடுகிற கதை வேண்டாம். 50 மீட்டர் இலக்குத் தாளின் நடுவிலுள்ள பத்துப் புள்ளி வட்டமே 10.4 மி.மீ.தான், சராசரி 20 மி.மீ.க்குள் வந்தால் குழலுக்கு ஒன்றுமில்லை.

இரண்டு தனித்தனிக் குவியலாக விழுந்தால் மட்டும் மரக்கட்டையைப் பிடித்திருக்கும் திருகையும் குறியைப் பிடித்திருக்கும் திருகையும் சந்தேகப்படுங்கள்.