கருந்துளைக் காற்றும் பேரடையின் (விண்மீன் மண்டலத்தின்) வாயுவும்: வாசகர் கேள்விகள்

ஒளியே தப்பாத கருந்துளையிலிருந்து காற்று எப்படி வீசும்?

கருந்துளைக்குள்ளிருந்து வீசுவதில்லை. அதைச் சுற்றிச் சுழலும் வாயுத் தட்டு சூடேறி, அதன் ஒளியும் காந்தப்புலமும் மேற்பரப்பு வாயுவை வெளியே தள்ளுகின்றன. நிகழ்வு எல்லைக்குள் (எதுவும் திரும்ப முடியாத எல்லை) விழுந்தது விழுந்ததுதான்.

காற்றின் வேகத்தை எப்படி அளக்கிறார்கள்?

எக்ஸ் கதிர் நிறமாலையில் இரும்பைத் தேடுவார்கள். ஒரே ஒரு எலக்ட்ரான் மிஞ்சிய இரும்பு 6.97 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலில் கதிரை விழுங்கும்; நிறமாலையில் அங்கே ஓர் இருண்ட கோடு விழும். பிடிஎஸ் 456 என்ற குவேசாரில் (வாயுவை விழுங்கும் கருந்துளையால் பேரொளி வீசும் பேரடை மையம்) காற்று ஒளிவேகத்தில் கால்பங்குடன் நம்மை நோக்கி வருகிறது என்று வையுங்கள்; கோடு 9 வரை ஏறும். ஆனால் கருவியில் விழுவது 7.6-இல். அண்ட விரிவு (அது கதிரை இழுத்து நீட்டும் அளவான செந்நகர்வு 0.184) அதை 1.184-ஆல் வகுத்து இறக்கிவிடுகிறது. இந்தத் திருத்தத்தை விட்டால் வேகம் மூன்றில் ஒரு பங்காகத்தான் வரும். புதியவர்கள் சறுக்கும் இடம் இது. 2024-இல் எக்ஸ்ரிசம் செயற்கைக்கோள் பார்த்தபோது இந்தக் காற்று ஒரே வீச்சாக இல்லை. வெவ்வேறு வேகத்தில் வரும் ஐந்து திரள்களாகப் பிரிந்து தெரிந்தது.

இந்தக் காற்று தள்ளுவதால் பேரடையிலிருந்து ஆண்டுக்கு எவ்வளவு வாயு வெளியேறுகிறது என்பதில் ஆய்வுக்கு ஆய்வு எண் மாறுகிறதே?

கணக்கு எளிது: நிறை × வேகம் ÷ தூரம். 10 கோடி சூரிய நிறை வாயு, நொடிக்கு 1,000 கி.மீ. வேகத்தில், 3,260 ஒளியாண்டு தூரம் போயிருந்தால் ஆண்டுக்குச் சுமார் 100 சூரிய நிறை. காற்று ஒரு கோளம் முழுவதையும் நிரப்பியிருப்பதாகக் கொள்பவர்கள் இதையே 3-ஆல் பெருக்குவார்கள். பெரிய குழப்பம் நிறையில்தான். குளிர்ந்த ஹைட்ரஜன் மூலக்கூறு ஒளிர்வதே அரிது. கார்பன் மோனாக்சைடின் ஒளியை வைத்து ஊகிக்க வேண்டும். அந்த ஒளியை வாயுவின் நிறையாக மாற்றும் ‘மாற்று எண்’ நம் பால்வீதிக்கு 4.3, கொந்தளிக்கும் பேரடைகளுக்கு 0.8. ஐந்து மடங்கு வித்தியாசம்! மார்க்கேரியன் 231 பேரடைக்கு 2010-இல் வந்த ஆண்டுக்கு 700 சூரிய நிறை போன்ற எண்ணைப் படிக்கும்போது, எந்த மாற்று எண் போட்டார்கள் என்று முதலில் பாருங்கள்.

விண்மீன்கள் வாயுவிலிருந்துதானே பிறக்கின்றன; காற்று அடித்தால் விண்மீன் பிறப்பு நின்றுவிடுமா?

ஆற்றலுக்குக் குறைவில்லை. 10 கோடி சூரிய நிறைக் கருந்துளை வளரும்போது வெளிப்படுவது ஏறத்தாழ 2×10⁵⁴ ஜூல். அது குடியிருக்கும் மைய வீக்கத்தை (பேரடை நடுவே விண்மீன்கள் அடர்ந்த பகுதி)க் கட்டிவைத்திருக்கும் ஈர்ப்பாற்றலைப்போல் 200 மடங்கு. ஆனால் காற்று அடர்ந்த மேகத்தோடு மல்லுக்கட்டாது, மெலிந்த வாயு இருக்கும் பக்கமாக வழி பிடித்துப் போய்விடும். தள்ளப்பட்டதிலும் விடுபடு வேகத்தை (பேரடையின் ஈர்ப்பிலிருந்து தப்பத் தேவையான வேகம்) எட்டாதது திரும்ப விழும். நெருக்கப்பட்ட வாயு சில வேளை விண்மீனாகவும் திரளும்: ஐராஸ் எஃப்23128-5919 பேரடையில் வெளியேறும் வாயுவுக்குள்ளேயே இளம் விண்மீன்கள் பிறப்பதை 2017-இல் கண்டார்கள்.