வேண்டாத காகிதப்பூப் புதரைப் போன்சாய் ஆக்க முடியுமா?

கேள்வி: காம்பவுண்ட் சுவரோரம் இருக்கும் பழைய காகிதப்பூப் புதரை அகற்றப் போகிறோம். அடித்தண்டு மணிக்கட்டுப் பருமன் இருக்கும். எறிய மனமில்லை. போன்சாயாக வளர்க்கலாமா?

பதில்: தாராளமாக வளர்க்கலாம். தொட்டியில் வைத்த கன்று இந்தப் பருமனுக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மட்டும் தோண்டாதீர்கள், வெட்டிய வேர் அழுகிவிடும். தை கடைசியிலிருந்து மாசிக்குள் எடுப்பது நல்லது.

முதல் நாளே மண்ணை நன்றாக நனைத்து வையுங்கள். தண்டை ஓர் அடி உயரத்தில், மழைநீர் தேங்காதபடி சாய்வாக அறுங்கள். பிறகு முக்கால் அடி தள்ளிச் சுற்றிலும் பள்ளம் எடுத்து, தடித்த வேர்களை ரம்பத்தால் அறுக்க வேண்டும். தண்டைப் பிடித்து ஆட்டவோ இழுக்கவோ கூடாது. பலர் கோட்டை விடுவது இங்கேதான். காகிதப்பூவின் சல்லிவேர் மிக மென்மையானது. ஓர் இழுப்பில் அறுந்து மண்ணோடு போய்விடும். அடியில் சாக்கைச் செருகித் தூக்குங்கள். அப்படியும் சல்லிவேர் போய்விட்டால் கலங்க வேண்டாம், தடித்த தண்டு போத்து நட்டதுபோல் புதிதாக வேர் விடும்.

வெட்டுவாய்களில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைக்கொல்லிப் பசை) தடவுங்கள். இதன் கட்டை மென்மையானது, பெரிய வெட்டு எளிதில் மூடாது, ஈரம் இறங்கினால் உள்ளே சொத்தையாகும்.

போன்சாய்க்கான ஆழமில்லாத தட்டு இப்போது வேண்டாம். வடிகால் துளையுள்ள சாதாரணத் தொட்டி போதும். சலித்த பருமணல் 2 பங்கு, 3 முதல் 5 மி.மீ. செங்கல் பொடிசு 2 பங்கு, கழுவிய தென்னை நார்க்கழிவு 1 பங்கு. எரு சேர்க்காதீர்கள். தண்டு அசையாதபடி தொட்டியோடு கம்பியால் கட்டிவிடுங்கள். அசைந்தால் புதுவேர் முறியும்.

வெளிச்சமான நிழலில் வைத்து, மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்த பிறகே நீர் ஊற்றுங்கள். இலையில்லாத கட்டை தண்ணீரை அதிகம் இழுக்காது. சில வாரங்களில் துளிர் வரும். அது தண்டின் சேமிப்பில் வருவது, வேர் பிடித்ததற்கு அடையாளம் அல்ல. துளிர் ஓர் அடி நீண்டு, அடித்துளையில் வேர் தெரிந்த பிறகே வெயிலுக்கு மாற்றுங்கள், உரமும் அப்போதுதான்.

தேவையான நான்கைந்து துளிர்களை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். துளிரின் பச்சை நிறம் மாறத் தொடங்கும்போதே 2 மி.மீ. அலுமினியக் கம்பி சுற்றி வளைக்க வேண்டும். முற்றினால் பட்டென்று ஒடியும். கிளை வேகமாகப் பருப்பதால் வாரந்தோறும் பாருங்கள், கம்பி பட்டையில் பதியத் தொடங்கினால் உடனே வெட்டி எடுங்கள். தட்டுக்கு மாற்றுவதை அடுத்த ஆண்டு தை, மாசியில் வைத்துக்கொள்ளலாம்.