'பெரிய வீடு' நாவலில் இலட்சியம் எங்கே?

அல்ஜீரிய எழுத்தாளர் முஹம்மத் திப் 1952-ல் வெளியிட்ட 'பெரிய வீடு' நாவலில் பசிதான் இருக்கிறது, இலட்சிய மனிதர் யாரும் இல்லை, கட்டுரையில் எதை எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பசியையே எழுதுங்கள்.

அடுப்பில் வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்து, சாப்பாடு ஆகிறது என்று பிள்ளைகளை நம்பவைத்துத் தூங்கச் செய்கிறாள் தாய் ஐனி. இஸ்லாமிய அரசை ஆண்ட கலீஃபா உமர் பற்றி இஸ்லாமிய மரபில் சொல்லப்படும் கதையிலும் இப்படி ஒரு தாய் உண்டு. அங்கே கலீஃபாவே மாவு மூட்டையைச் சுமந்து வருகிறார். இங்கே யாரும் வரவில்லை. ஐனியின் பையனின் பெயரும் உமர்! திப் இதைத் தெரிந்தேதான் வைத்தார் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் ஆள்பவரின் கடமை என்ற அறத்தை இவ்வளவு கூர்மையாக வேறெப்படிச் சொல்வது?

ஐனியைத் தியாகத் தாயாக்கிவிடாதீர்கள். நடக்கமுடியாத தன் தாயிடம் அவள் காட்டும் கடுமையையும் சேர்த்தே எழுதுங்கள். வறுமை மனிதரை என்ன செய்கிறது என்பதைத் திப் மறைக்கவில்லை.

வகுப்பறைக் காட்சியையும் விடாதீர்கள். பிரான்ஸ்தான் உங்கள் தாய்நாடு என்பது உண்மையல்ல என்று ஆசிரியர் ஹசன் தாழ்ந்த குரலில், அரபியில் சொல்கிறார். பிரான்ஸ் ஆண்ட அல்ஜீரியாவின் காலனியப் பள்ளியில் அதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

இலட்சிய மோதல் வெளிப்படையாகவே வேண்டுமானால், இன்னொரு அல்ஜீரிய எழுத்தாளரான பென்ஹதூகாவின் 'தெற்குக் காற்று' (1971) நாவலைப் பாருங்கள். நிலச் சீர்திருத்தத்திலிருந்து நிலத்தைக் காப்பாற்ற மகளின் கல்யாணத்தைப் பேரமாக்குகிறார் தகப்பன். அவள் வீட்டைவிட்டு ஓடுகிறாள்.